கிட்டுசாமி கட்டிய முன் ஹால்

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் கிட்டுசாமி. அப்படிப்பட்டவர் டெக்சஸில், பேர்லேண்டில், மூன்று கார் வாஷ் வைத்து நடத்துகிறார் என்றால் அது லேசுப்பட்ட காரியமா? மழை வருமா வருமா என்று அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்த உடுமலைப்பேட்டைக்காரர், அமெரிக்காக்காரனுக்குத் தண்ணீரை விற்று முன்னுக்கு வந்தார். படித்தவன் எவனுக்காவது இது தோன்றியதா? அந்த ஊரில் கார் இல்லாத மனுஷன் கிடையாது. கார் இருந்தால் அழுக்கு இருக்கும். அழுக்கு இருந்தால் அங்கே கிட்டுசாமி இருப்பார். இந்தக் கணக்கைப் போட அவருக்குக் காலேஜ் தேவைப்படவில்லை.

அவரிடம் ஒரு குணம் உண்டு. ‘தெரியாது’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து இதுவரை யாரும் வாங்கியதில்லை. கிரீன் கார்டு இன்டர்வியூவில் வெள்ளைக்கார ஆபீசர் கேட்ட கேள்வி புரியாதபோதுகூட, “யெஸ், வெரி குட்” என்று நிமிர்ந்து பதில் சொல்லி வாங்கி வந்தவர் அவர்.

அப்படிப்பட்டவரை 1998 சித்திரையில் ஒரு பெண்பிள்ளை திணற வைத்தாள்.

பேர்லேண்டில் சொந்த வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அங்கெல்லாம் வீடு கட்டும் கம்பெனி சுவரை எழுப்பும்போதே நம்மை ஒரு ஷோரூமுக்கு அனுப்பிவிடும். தரைக்கு என்ன, சுவருக்கு என்ன நிறம், குழாய்க்கு எந்தத் திருகு, ஜன்னலுக்கு எந்தத் துணி என்று எல்லாவற்றையும் குறித்த நாளுக்குள் நாமே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அவர்கள் இஷ்டத்துக்கு எதையாவது ஒட்டிவிட்டுப் போவார்கள். ஷோரூமில் இருந்த வெள்ளைக்கார அம்மா, கிட்டுசாமியையும் அவர் மனைவி ராமாத்தாளையும் பதினாறு வயது மகள் கயலையும் உட்கார வைத்து, முதல் கேள்வியாகக் கேட்டது: “உங்கள் வீட்டுக்கு என்ன ஸ்டைல்?”

வீட்டுக்கு ஸ்டைல் என்று ஒன்று உண்டென்பதே கிட்டுசாமிக்கு அப்போதுதான் தெரியும். அதை வெளியே காட்டுவாரா? கால்மேல் கால் போட்டார்.

“பெஸ்ட் ஸ்டைல்,” என்றார்.

அந்த அம்மா சிரித்துவிட்டு, தலையணை கனத்துக்கு நாலு புத்தகங்களைக் கையில் கொடுத்து, இரண்டு வாரத்தில் முடிவு சொல்லுங்கள் என்று அனுப்பி வைத்தாள்.

ராமாத்தாள் மூட்டு வலிக்காரி. அவளுக்கு வேண்டியது காலை நீட்டி உட்கார ஓர் இடம், வெங்காயம் உரித்துக்கொண்டே டிவி பார்க்க ஒரு தோது, தலைக்கு மேல் ஒரு ஃபேன். “ஒக்கார்ற மாதிரி வாங்குனா போதுமுங்,” என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். கயல் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி ஒரு படத்தைக் காட்டினாள். வெறும் அறை, வெள்ளைச் சுவர், ஒற்றை நாற்காலி. “மினிமலிஸ்ட், அப்பா. இட்ஸ் சோ க்ளீன்.” கிட்டுசாமி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். அமெரிக்கா வந்த முதல் இரண்டு மாதமும் அபார்ட்மெண்டில் அவர் அந்த ஸ்டைலில்தான் குடியிருந்தார். அந்த ஒற்றை நாற்காலிகூட இல்லை. அதற்கு ஒரு பேர் வைத்து, புத்தகம் போட்டு, காசும் கேட்பான் வெள்ளைக்காரன் என்று அன்றைக்குத் தெரியாமல் போய்விட்டது.

ஆனால் கிட்டுசாமியின் மனத்தில் இருந்தது வேறு. வீடு முழுக்க எந்த ஸ்டைலில் இருந்தாலும் அவருக்குக் கவலை இல்லை. முன் ஹால் ஒன்றுதான் கவலை. அந்தக் கவலைக்குப் பதினெட்டு வயது.

1980இல் அவரையும் ராமாத்தாளையும் அமெரிக்காவுக்கு வரவழைத்தவர் ராமாத்தாளின் அண்ணன் டாக்டர் திருமூர்த்தி. பேப்பரில் கையெழுத்துப் போட்டு, டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்து, ஹூஸ்டன் ஏர்போர்ட்டுக்கு வந்து பெட்டியையும் தூக்கியவர். அந்த நன்றி கிட்டுசாமிக்கு எப்போதும் உண்டு. ஆனால் அன்றைக்குச் சுகர்லேண்டில் டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும், இடது பக்கம் ஒரு ஹால் தெரிந்தது. பாலை ஊற்றிப் பரப்பியது போல வெள்ளைக் கார்ப்பெட். வளைந்த கால் சோபா. மேலே கண்ணாடிச் சரம் தொங்கும் விளக்கு. சினிமாவில் ஜமீன்தார் உட்காருகிற இடம் மாதிரி இருந்தது. கிட்டுசாமி அதற்குள் ஒரு கால் எடுத்து வைக்கப் போனார். டாக்டரின் மனைவி கண்மணி ஓடி வந்து மறித்தாள்.

“அண்ணா, அங்க வேண்டாமுங். உள்ள வாங்க.”

சமையலறையைத் தாண்டி, பின்னால் இருந்த ஒரு ஹாலில், பள்ளம் விழுந்த சோபாவில், மடிக்காத துணிக் குவியலுக்குப் பக்கத்தில் அவரை உட்கார வைத்தாள். அன்றிலிருந்து தீபாவளி, பொங்கல், பிள்ளைகள் பிறந்தநாள் என்று எத்தனை முறை போனாலும் அதே பின் ஹால், அதே பள்ளம். வாசல் வழிகூடக் கிடையாது. கார் நிறுத்துகிற கராஜ் வழியாகப் போய், வாஷிங் மெஷினைத் தாண்டி உள்ளே நுழைய வேண்டும். முதல் கார் வாஷ் திறந்தார்; பின் ஹால். மூன்றாவது திறந்தார், அப்போதும் பின் ஹால்தான்.

ஒரே ஒரு முறை ராமாத்தாளிடம் இதைச் சொல்லிப் பார்த்தார். அங்கே உட்கார்ந்து என்ன செய்வது, டிவிகூட இல்லையே என்றாள் அவள். அதோடு அந்தப் பேச்சை அவர் யாரிடமும் எடுக்கவில்லை. ஆனால் ஒன்று முடிவு செய்து வைத்திருந்தார். தன் வீட்டிலும் ஒரு முன் ஹால் வரும். அதில் மச்சானை உட்கார வைத்து, வெள்ளிக் கிண்ணத்தில் பாயசம் கொடுப்பார். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அந்த உட்காரல் ஒன்று போதும்.

வீடு எழும்பிய அந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வீட்டில் சாப்பிடப் போனபோது, எல்லாரும் பின் ஹாலில் கிரிக்கெட் பேசிக்கொண்டிருக்க, கிட்டுசாமி மட்டும் முன் ஹாலின் ஓரமாகக் குதிகாலோடு பெருவிரலை ஒட்டி ஒட்டி நடந்தார். நீளம் பத்தொன்பது அடி, அகலம் பதினாலு. கண்மணி வந்து பார்த்து, கால் பிடித்துக்கொண்டதா என்று விசாரித்தாள். ஆமாம் என்று இரண்டு தரம் உதறிக் காட்டினார். மறுநாளே கம்பெனிக்குப் போய், தன் முன் ஹாலை இருபத்தொரு அடியாக்கச் சொன்னார். அந்த இரண்டடிக்காகச் சமையலறையில் ஓர் அலமாரி போயிற்று.

பிறகு ஸ்டைல். பேர்லேண்டிலேயே இருந்த மீனாட்சி கோயிலுக்குப் போகிற ஞாயிறுகளில், பிரசாதம் வாங்கின கையோடு யாராவது ஒருவர் வீட்டுக்குத் தன்னைத்தானே அழைத்துக்கொண்டார். ஒவ்வொரு வீட்டிலும் எது உசத்தியோ அதை மனத்தில் குறித்துக்கொண்டார். ஒரு வீட்டில் ரோமாபுரித் தூண். இன்னொரு வீட்டில் தங்கச் சட்டம் போட்ட ஆளுயரக் கண்ணாடி. மூன்றாவது வீட்டில் சீனாக்காரன் மடக்குத் தட்டி. எல்லாவற்றையும் ஒரே ஹாலில் வைத்துவிட்டால் எல்லாரையும் ஒரேயடியாக ஜெயித்த மாதிரிதானே? பட்டியலைக் கேட்ட ஷோரூம் அம்மா, பேனாவை மூடி வைத்துவிட்டு, கொஞ்சம் அதிகமாக இருக்காதா என்றாள். அதிகமாக இருக்க வேண்டும் என்பதற்குத்தானே இவ்வளவு பாடு என்று கயலிடம் சொல்லி மொழிபெயர்க்கச் சொன்னார். கயல் மொழிபெயர்க்கவில்லை.

கார்ப்பெட்டுக்கு வந்தபோதுதான் அவரே தயங்கினார். கார்ப்பெட்டைப் பற்றிக் கிட்டுசாமிக்குத் தெரிந்த அளவு டெக்சஸில் எவனுக்கும் தெரியாது. பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஆயிரக்கணக்கான கார்களின் கார்ப்பெட்டிலிருந்து நாய் முடி, உருகின சாக்லெட், கொட்டின கோக், குழந்தை வாந்தி எல்லாவற்றையும் எடுத்தவர். வெளிர் நிறக் கார்ப்பெட் வாங்குகிறவன் ஒன்று பிள்ளை இல்லாதவன், அல்லது புத்தி இல்லாதவன் என்று தன் ஆட்களிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். ஷோரூம் அம்மாவும் மணல் நிறத்தைத்தான் எடுத்துக் காட்டினாள். கிட்டுசாமி அந்தக் கார்ப்பெட் துண்டை விரலால் நிமிண்டிப் பார்த்து, நல்ல சரக்கு என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டு, ஓரமாக வைத்தார். பிறகு வெள்ளையைக் காட்டினார். மச்சான் வீட்டு வெள்ளையைவிட ஒரு படி வெள்ளை.

முன் ஹாலுக்கே மொத்த மூளையும் செலவானதால், பின் ஹாலுக்கு ஒன்றுமே வாங்கவில்லை. அந்த மாதிரி ஹாலைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அது மொட்டையாகவே கிடந்தது.

அதுவரை குடியிருந்த அபார்ட்மெண்டில் ஒரு காப்பிக்கொட்டை நிற சோபா இருந்தது. அமெரிக்கா வந்து இரண்டே மாதத்தில், யாரோ குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போனதை, கிட்டுசாமியும் ராமாத்தாளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாடி ஏற்றினார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து சோப்பு நுரை போட்டுக் கழுவி, புதுசு மாதிரி ஆக்கினார் அவர். தனக்கு எதில் கை வரும் என்பது அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. மூன்று கார் வாஷுக்கும் அந்த சோபாதான் மூலம். ஆனால் அதில் ஒரு தொல்லையும் உண்டு. உட்கார்ந்தவன் எழ மாட்டான். கோயிலில் பார்க்கிறவர்களையெல்லாம் ஏதோ சோப்பு விற்கும் சங்கிலியில் சேர்க்கிற கஸ்தூரிரங்கன் என்பவர், ஒரு சனிக்கிழமை அதில் உட்கார்ந்து, வெள்ளைத் தாளில் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டி, மூன்று மணி நேரம் எழுந்து போகவில்லை. இரண்டு தரம் காப்பி வேறு.

புது வீட்டுக்கு அந்தச் சனியன் வரக்கூடாது, தூக்கிப் போட ஏற்பாடு செய் என்று கிட்டுசாமி உத்தரவு போட்டார். ராமாத்தாள் சரி என்றாள்.

1999 தை மாதம் கிரகப்பிரவேசம். விடியற்காலையில் கோயில் குருக்கள் வந்து, ஹோமத்தை ஹாலில் வைத்துக்கொள்ளலாம் என்று முன் ஹாலைக் காட்டினார். கிட்டுசாமி குறுக்கே போய் நின்றார். முந்தின நாள்தான் வாக்குவம் போட்டு, பாவு ஓட்டினது போல நேர் நேராகக் கோடு விழ வைத்து, தன் காலடி படாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்திருந்தார். சோபாவுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. சமையலறையில் வைத்தால் புகை அலாரம் கத்தும். கடைசியில் கராஜ் கதவைத் திறந்துவிட்டு, அங்கே ஹோமத்தை முடித்தார்கள். புகை போன பிறகும் சனம் உள்ளே வரவில்லை. கராஜ் மூலையில் போர்வை போர்த்தி எதையோ வைத்திருந்தாள் ராமாத்தாள். யாரோ போர்வையை இழுத்தார்கள். காப்பிக்கொட்டை சோபா. ஐந்து பேர் அதில் நெருக்கி உட்கார, மற்றவர்கள் மடக்கு நாற்காலியில் சுற்றி உட்கார, இட்லியும் சாம்பாரும் அங்கேயே வந்தன.

கிட்டுசாமி பல்லைக் கடித்துக்கொண்டார். சரி, போகட்டும். இவர்கள் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. வர வேண்டியவர் ஆஸ்பத்திரியில் அவசர ஆபரேஷன் முடித்துவிட்டு மத்தியானம்தான் வருவார்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பட்டு வேட்டி கட்டி, முன் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வெள்ளிக் கிண்ணத்தோடு நின்றார். இரண்டரை ஆயிற்று. கால் மாற்றி நின்றார். கராஜ் பக்கம் ஒரு பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பு அவருக்குத் தெரிந்த சிரிப்பு.

போய்ப் பார்த்தால், திருமூர்த்தி காப்பிக்கொட்டை சோபாவில் காலை நீட்டிப் போட்டு, தட்டை மடியில் வைத்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கண்மணி பக்கத்தில் ராமாத்தாளின் முழங்காலை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மச்சா, இது என்னங்? வாசல் அக்கட்ட இருக்குது.”

“கராஜ் தொறந்து கெடந்துச்சு மாப்ள, வந்துட்டேன். இந்த சோபா இன்னும் இருக்குதா? நெம்ப நாளாச்சு இதுல ஒக்காந்து.”

“அங்க எந்திரிச்சு வாங்க மச்சா.”

“இட்லி ஆறிப் போயிருமுங்.”

“எந்திரிங்க,” என்றார் கிட்டுசாமி. அந்தக் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். டாக்டர் எழுந்துவிட்டார்.

முன் ஹாலின் விளிம்பில் எல்லாரும் வந்து நின்றார்கள். யாருக்கும் உள்ளே கால் வைக்கத் துணிவில்லை. திருமூர்த்தி ஷூவைக் கழற்றினார். சாக்ஸைக் கழற்றினார். கிணற்றில் இறங்குகிற மாதிரி ஒரு காலை வைத்து, அப்புறம் இன்னொரு காலை வைத்து, இரண்டு ரோமாபுரித் தூணுக்கு நடுவே போய் சோபாவில் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் ‘கிறீச்’ என்றது. வழுக்கி முன்னால் வந்தவர், கையை ஊன்றிப் பின்னால் போனார். தன் முறைக்குக் காத்திருக்கும் நோயாளி மாதிரி முழங்கால்மேல் கை வைத்துக்கொண்டார். எதிரே தங்கச் சட்டக் கண்ணாடியில் இன்னொரு திருமூர்த்தி அதே மாதிரி பரிதாபமாக உட்கார்ந்திருந்தார்.

கிட்டுசாமி வெள்ளிக் கிண்ணத்தை நீட்டினார். பதினெட்டு வருஷம் காத்த நேரம் இது. அனுபவிக்க வேண்டும் என்று பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

“மாப்ள,” என்றார் டாக்டர் மெதுவாக, “நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனுங்களா?”

“ஏனுங் மச்சா அப்படிக் கேக்கறீங்க?”

“பொறவு எதுக்கு என்னைய இங்க கொண்டாந்து ஒக்கார வெச்சிருக்கீங்க?”

சொல்லக்கூடாது என்று பூட்டி வைத்தது வாயை மீறி வந்துவிட்டது. “உங்க ஊட்டு முன் ஹால்ல பதினெட்டு வருசத்துல ஒரு நாளாச்சும் என்னைய ஒக்கார வெச்சீங்களா மச்சா?”

திருமூர்த்தி அவரைப் பார்த்தார். கண்மணியைப் பார்த்தார்.

“அதுல நானே ஒக்காந்ததில்லீங்களே,” என்றார். “அங்க யாரு யாரு ஒக்காந்திருக்காங்க, சொல்லட்டுமா? என்மேல கேஸ் போட வந்த வக்கீல். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ரெண்டு பேரு. எலெக்சனுக்கு நன்கொடை கேட்டு வந்த வெள்ளைக்காரன். எவன் சீக்கிரம் எந்திரிச்சுப் போகோணும்னு நெனைக்கறமோ, அவனுக்குத்தானுங் அந்த ஹால். உங்கள அங்க ஒக்கார வெச்சிருந்தா என்ற தங்கச்சி என்ன நெனைப்பா?”

“ஏரோப்ளேன்ல ஒரு நாள் முழுசும் ஒக்காந்து வந்திருக்கீங்க, அந்த சோபா முதுகை ஒடிச்சிருமேன்னுதான் அன்னிக்கு உள்ள கூப்புட்டேன் அண்ணா,” என்றாள் கண்மணி.

எல்லாரும் கிட்டுசாமியைப் பார்த்தார்கள். அவர் தோளில் இருந்த துண்டைச் சரி செய்துகொண்டார்.

“அது எனக்குத் தெரியாதுங்களா?” என்றார்.

“நோ, யூ டிடன்ட்,” என்றாள் கயல்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்தில் பிளாஸ்டிக் மறுபடி வழுக்கியது. அவர் ஒரு பக்கம், கிண்ணம் ஒரு பக்கம். குங்குமப்பூ போட்ட பாயசம் வெள்ளைக் கார்ப்பெட்டில் உள்ளங்கை அகலத்துக்குப் பரவி நின்றது.

யாரும் மூச்சு விடவில்லை. கிட்டுசாமிக்கு மூச்சு விடவே நேரமில்லை. பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, மண்டி போட்டார். “தொடாதீங்க. ராமாத்தா, பச்சத் தண்ணி. கயலு, வேன்ல நீல மூடி பாட்டில்.” பருப்பையும் முந்திரியையும் கரண்டியால் வெளியிலிருந்து உள்பக்கமாக அள்ளினார். தேய்க்கவில்லை. தேய்க்கிறவன் முட்டாள். வெள்ளைத் துணியை வைத்து ஒற்றினார், மருந்து விட்டார், மறுபடி ஒற்றினார். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. விழுந்த இடம் எது என்று கண்ணாடி போட்டுத் தேடினாலும் தெரியாது.

பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த டாக்டர், தடவிப் பார்த்தார். “மாப்ள, இந்தச் சுத்தம் எங்க ஆபரேஷன் தியேட்டர்ல இல்லீங்,” என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வெள்ளிக் கிண்ணம் கொடுக்காததை அந்த வார்த்தை கொடுத்தது. ஹால் எந்த ஸ்டைலாக இருந்தால் என்ன, அந்த வேலையை அந்தப் பக்கத்தில் வேறு எவன் செய்வான்?

“சரி, வாங்க மச்சா. இட்லி ஆறுது,” என்றார் கிட்டுசாமி. கராஜுக்குத் திரும்பிப் போனார்கள். இருட்டும் வரை டாக்டர் அந்த சோபாவை விட்டு எழவில்லை. பக்கத்திலேயே கிட்டுசாமியும் உட்கார்ந்திருந்தார், துவண்டுபோன பட்டு வேட்டியோடு.

மறுநாள் காலை அவரும் ராமாத்தாளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, காப்பிக்கொட்டை சோபாவைப் பின் ஹாலுக்குக் கொண்டுபோனார்கள். பதினெட்டு வருஷத்தில் அது கனத்திருந்தது. எதிரே பழைய டிவியை வைத்து, தலைக்கு மேல் ஒரு ஃபேனும் மாட்டினார் கிட்டுசாமி. ராமாத்தாள் காலை நீட்டி உட்கார்ந்து, முறத்தை மடியில் வைத்து, “இத மொதல்லயே செஞ்சிருக்கலாமுங்,” என்றாள். செய்திருக்கலாம்தான். ஆனால் முன் ஹால் வீண் என்று யாராவது நினைத்தால் அது தப்பு.

அடுத்த சனிக்கிழமை முன் வாசல் மணி அடித்தது. கஸ்தூரிரங்கன். கையில் வெள்ளைத் தாள். கராஜ் வழியாக வருகிற பழக்கம் அவருக்கு இல்லை.

“வாங்க சார், வாங்க,” என்று கிட்டுசாமி வாய் கொள்ளாத சிரிப்போடு அவரை அழைத்துப் போய், ஷூவைக் கழற்ற வைத்து, இரண்டு தூணுக்கு நடுவே, பிளாஸ்டிக்மேல் உட்கார வைத்தார். கஸ்தூரிரங்கன் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். ஒரு வட்டம் போட்டார். வழுக்கினார். இரண்டாவது வட்டம் கோணலாகப் போயிற்று. காப்பி வருமா என்று சமையலறைப் பக்கம் பார்த்தார். சமையலறை அங்கிருந்து தெரியாது.

பதினோராவது நிமிஷம் எழுந்துவிட்டார். “ஹால் ரொம்ப கிராண்டா இருக்கு சார்,” என்றார் ஷூவை மாட்டிக்கொண்டே. “என்ன ஸ்டைல் இது?”

“அது நானே பார்த்துப் பார்த்துப் பண்ணுனது,” என்று கதவைத் திறந்து பிடித்தார் கிட்டுசாமி.